வத்தாளங்கிழங்குப் பாத்தியில் நான் நட்டது

போன கிழமை நம் வகுப்புக் குழுவில் ஒருத்தி ஒரு படத்தைப் போட்டு, கார்த்திகைப் பூவைத் தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாள். நீங்கள் ஆளுக்கொரு பதில் எழுதினீர்கள். அது காட்டுப் பூ, வீட்டில் வராது என்றான் ஒருவன். விதையைத் தூவிவிட்டால் போதும் என்றாள் இன்னொருத்தி. நான் இரண்டு நாள் தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நம் வகுப்பில் அதை வளர்த்துப் பூக்க வைத்தவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்குப் பத்து வயது.

கேட்டவளுக்கு முதலில் பதில். வளரும். விதையில் வந்தால் பூவைப் பார்க்க வருடக்கணக்காகும், கிழங்கு நல்லது. கையுறை போட்டுக்கொள். பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வை. சாப்பிடுகிற கிழங்கு எதுவும் நட்ட இடத்துப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மிச்சத்தைச் சொல்வதென்றால் நான் அந்த வருடத்துக்குப் போகவேண்டும். அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் எல்லாரும் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். கேட்டதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியும் திரிந்தீர்கள். எனக்குக் கோபமில்லை. நாம் எல்லாரும் சின்னப் பிள்ளைகள்.

அம்மா காய்ச்சலில் செத்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, அப்பா களுதாவளையிலிருந்து சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். பழுகாமத்துக்குக் கிட்ட எங்கள் வீடும் வளவும் அம்மாவுக்குச் சீதனமாக வந்தவை. அடுத்த வளவு அம்மாவின் அக்காவுடையது, என் பெரியம்மா. இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி, வேலியில் ஆள் நுழைகிற ஒரு கடப்பு. அந்தக் கடப்பால் பெரியம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வருவார்.

சின்னம்மாவின் தலைமுடி முழங்காலைத் தொடும். முழுகிவிட்டுக் கிணற்றடியில் நின்று உலர்த்தினால், காற்றுக்கு முடி பறந்து வேலிக் கம்பில் மாட்டிக்கொள்ளும். அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட என்னைக் கூப்பிடுவார். நான் போகமாட்டேன். பெரியம்மா கடப்பில் நின்று என் காதுபடச் சொல்வார்.

“என்ர தங்கச்சிட வளவில இன்னொருத்தி நிண்டு தல காயவெக்கிறாள். பாத்துக்கொண்டிரு புள்ள, ஒரு நாளைக்கி ஒன்னையும் வெளியில தள்ளுவாள்.”

ஐப்பசி முதல் மழைக்கு வட்டையில், எங்கள் வயல்வெளியில், உழவு தொடங்கியது. நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ஒரு மத்தியானம், வரம்போரம் புரண்டிருந்த மண்ணில் மூன்று கிழங்குகள் கிடந்தன. விரல் தடிப்பு, மண்ணிறம். ஒவ்வொன்றும் கலப்பை மாதிரி நடுவில் மடங்கியிருந்தது. நுனியில் வெள்ளையாக ஒரு முளை. நான் குனிந்து தொடப்போனேன். அப்பா என் கையில் அடித்தார்.

“தொடாத! கார்த்திகக் கிழங்கு. நஞ்சு. வளவுக்குள்ள மட்டும் கொண்டு வந்திராத, சொல்லிப்போட்டன்.”

அப்பா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரவில்லை. இந்தச் சின்னக் கிழங்கிலிருந்துதானா காட்டோரம் நெருப்புப் பிடித்த மாதிரி அந்தப் பூ பூக்கிறது என்ற ஆசைதான் வந்தது. அப்பா வாய்க்காலில் கை கழுவப் போன நேரம் மூன்றையும் சட்டை மடியில் கட்டிக்கொண்டேன். வீடுவரைக்கும் மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினேன்.

மூன்றையும் மூன்று இடத்தில் நட்டேன். வரும் வழியிலேயே ஒன்றின் முளை ஒடிந்திருந்தது. அதை மாமரத்தடியில் புதைத்தேன். இன்னொன்றைக் கிணற்றடி ஈரக் களிமண்ணில், மரவள்ளித் தடி ஊன்றுவதுபோல் நட்டமாகக் குத்திவைத்தேன். மூன்றாவதை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. குசினிக்குப் பின்னால், பெரியம்மா வளவுக்கு எதிர்ப்பக்க வேலியோரம், சின்னம்மா வந்தவுடன் போட்ட வத்தாளங்கிழங்குப் பாத்தி இருந்தது. மணல் கலந்து உயர்த்திய சர்க்கரைவள்ளிப் பாத்தி. அதன் கடைசித் தொங்கலில் இரண்டு விரல் ஆழத்துக்குக் கிண்டி, கிழங்கைப் படுக்கவைத்து மூடினேன். மாமரத்தடியில் ஒன்றும் வரவில்லை. கிணற்றடியில் தோண்டிப் பார்த்தபோது விரலில் சளிபோல் ஒட்டியது. பாத்தியில் போட்டது மட்டும் இரண்டு கிழமையில் பாம்புக்குஞ்சு தலை நீட்டுவதுபோல் மேலே வந்தது.

அது வளர்வதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமும் வளர்ந்தது. ஒவ்வொரு இலையின் நுனியும் சுருண்டு கையாகி வேலிக் கம்பைப் பிடித்தது. ஒரு நாள் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன், என் விரலையும் பிடிக்குமா என்று பார்க்க. மழை பெய்து மண் சப்பென்று இறுகினால் குச்சியால் மெல்லக் கிளறிவிட்டேன். வெயில் கொடி மேல் படவேண்டும், அடியில் படக்கூடாது. வத்தாளைக் கொடியை இழுத்து அதன் அடியை மூடினேன். அப்பா அந்தக் காலம் முழுக்க வட்டை வாடிக் குடிசையில் தங்கிப் பன்றிக் காவல் இருந்தார். அதனால் அவர் காணவில்லை.

கார்த்திகையில் பூத்தது. முதல் நாள் பச்சையும் மஞ்சளும். பிறகு இதழ்கள் மேல்நோக்கி வளைந்து, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, நாலாம் நாள் முழுக்க எரிந்தது. நான் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. சின்னம்மா.

அவர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து குந்தினார்.

“நீயா மனே நட்டாய்?”

நான் கொடியின் அடியைக் கையால் மறைத்தேன்.

“வடிவாத்தான் இரிக்கி. எண்டாலும் கிழங்குப் பாத்திக்குள்ள இது இரிக்க ஒண்ணா. பூத்து முடியட்டும். கொடி காஞ்சதும் கிழங்கக் கிண்டி எடுத்துக் காட்டுக்குள்ள எறிஞ்சிட்டு வா. அப்பாக்கு நான் சொல்லமாட்டன், என்ன?”

ஓம் என்று தலையாட்டினேன். எங்களுக்குள் இருந்த முதல் இரகசியம் அது. தை மாதம் கொடி காய்ந்து வேலியிலேயே சருகாகத் தொங்கியது. “எடுத்திட்டியா?” என்று ஒரு நாள் கேட்டார். எடுக்க எனக்கு மனமில்லை. அடுத்த மாரிக்கும் அது வரவேண்டும். “எடுத்திட்டன் சின்னம்மா” என்றேன். அவர் நம்பினார். என்னை நம்பிக்கொண்டு அவர் போய்ப் பார்க்கவே இல்லை.

வேளாண்மை வெட்டி முடிந்து அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு காலை சின்னம்மா பாத்தியைக் கிண்டி வத்தாளங்கிழங்கு அவித்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டேன்.

“கிழங்கு இன்னும் அவியல்ல மனே. நீ பழஞ்சோத்தத் திண்டிட்டு ஓடு” என்றார்.

கிழங்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தயிரும் பச்சைமிளகாயும் போட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு ஓடினேன்.

மத்தியானம் வந்தபோது வளவு நிறையச் சனம். அப்பாவைக் கட்டிலோடு தூக்கி வண்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண் உள்ளே போய், உதடு வெளுத்து, வாயிலிருந்து மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது. சின்னம்மா குசினி வாசலில் சுருண்டு கிடந்து ஓங்காளித்தார். அவரையும் ஏற்றினார்கள். “என்ன திண்டது?” என்று யாரோ கேட்டார்கள். “வத்தாளங்கிழங்கும் சம்பலும்தானாம்” என்று யாரோ சொன்னார்கள்.

நான் சனத்துக்குள்ளால் நழுவிக் குசினிக்குப் பின்னால் போனேன். பாத்தி கடைசித் தொங்கல்வரை கிண்டிக் கிடந்தது. குப்பைக்குள் அவித்த கிழங்கின் தோல்கள். அதற்குள் ஒரு துண்டு, நடுவில் மடங்கியது.

அந்த நேரத்துப் பயத்தை இப்போதும் எனக்குள் வைத்திருக்கிறேன். கத்தி யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. தோலையும் அந்தத் துண்டையும் அள்ளி அடுப்புச் சாம்பல் கொட்டுகிற கிடங்கில் புதைத்தேன். வேலியில் மிச்சமிருந்த காய்ந்த கொடியைப் பிடுங்கி அதோடு போட்டு மிதித்தேன். கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் பட்டினத்து ஆஸ்பத்திரியிலிருந்து சின்னம்மா திரும்பி வந்தார். அப்பா இன்னும் கிடக்கிறார், உயிருக்குப் பயமில்லை என்றார்கள். நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். வேலி ஓட்டையால் பார்ப்பேன். ஒரு நாள் காலையில் சின்னம்மா கிணற்றடியில் நின்று தலை வாரினார். சீப்போடு முடி வந்தது. ஒரு பிடி. திரும்பவும் வாரினார், இன்னொரு பிடி. பிறகு சீப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே தலையைத் தடவினார். முடி முழுக்கக் கிணற்றுக் கட்டில் வழிந்து விழுந்தது. அவர் அழவில்லை. விழுந்ததைக் குனிந்து கூட்டி அள்ளிக்கொண்டே இருந்தார். மூன்று நாளில் தலை வெறும் மண்டையாகிவிட்டது.

ஊர் அதைத்தான் பிடித்துக்கொண்டது. கோயில் அம்மாள் கொடுத்த தண்டனை என்றார்கள். ஊரின் நாட்டு வைத்தியர், பரியாரியார், வந்து பார்த்துவிட்டு, “இது கார்த்திகக் கிழங்கு திண்ட குணம்” என்று மட்டும் சொன்னார். மிச்சத்தைப் பெரியம்மா சொன்னார்.

“வளவுக்குள்ள இல்லாத கிழங்கு எப்பிடிச் சட்டிக்குள்ள வந்திச்சு? காட்டுக்குப் போய்க் கிண்டி வந்திரிக்காள். புள்ளக்கி மட்டும் குடுக்கல்லயாம், பழஞ்சோத்தக் குடுத்தாளாம். அப்ப அவளுக்குத் தெரியும்தானே? தானும் கொஞ்சம் திண்டு ஊரப் பேக்காட்டினவள். பொலிசு வரும். நஞ்சு வெச்ச ஆளத் தூக்கிலதான் போடுவாங்க.”

தூக்கு என்ற சொல் எனக்குள் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. நஞ்சை வைத்தது நான். கிணற்றுக் கயிற்றைத் தொடப் பயந்தேன். மாடு கட்டும் கயிற்றைக் காணப் பயந்தேன். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் பொலிஸ்தான் என்று நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில் “மொட்டச்சி வளத்த புள்ள” என்று சிரித்தபோது உங்களுக்குப் பின்னால் நின்று நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்ற பயம்.

அப்பா சுகமாகி வரும் வழியில் அமிர்தகழிக்குப் போய், மாமாங்கக் கோயில் குளத்தில் குளித்து, நேர்த்திக்கு மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். சாமி காப்பாற்றிய மொட்டை என்று ஊர் அதைக் கும்பிட்டது. எனக்கு நாற்பது வயது தாண்டிய பிறகுதான் ஒரு வைத்தியர் சொல்லி விளங்கியது: அந்த நஞ்சு உள்ளே போன எல்லாருக்கும் முடி கொட்டும். அப்பாவுக்கும் கொட்டியிருக்கும். அம்பட்டரின் கத்தி முந்திக்கொண்டது. ஒரே கிழங்கைத் தின்ற இரண்டு பேரின் மொட்டைத் தலைகள் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தன. ஒன்றைக் கும்பிட்டோம், மற்றதைக் காறித் துப்பினோம்.

சின்னம்மாவை அவருடைய ஊருக்கு அனுப்புவதென்று பெரியம்மாவும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அப்பா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டிப்போக சின்னம்மாவின் அண்ணன் வாவிக்கு அக்கரையிலிருந்து வந்தார்.

வெயில் ஏறின நேரம். தோணித் துறையில் ஊர்ச் சனம் நின்றது, பரியாரியாரும் நின்றார். சின்னம்மா சேலைத் தலைப்பால் மண்டையை மூடியிருந்தார். கையில் ஒரு பெட்டி. தோணியில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி என்னைப் பார்த்தார். கிணற்றடி, பூ, “எடுத்திட்டியா?” எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. கார்த்திகைக் கிழங்கு என்று பரியாரியார் சொன்ன நாளே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தோணியைத் தள்ளினார்கள். நான் தண்ணீருக்குள் ஓடினேன். இடுப்பளவு வந்ததும் கத்தினேன்.

“நான்தான் நட்டன்! சின்னம்மா இல்ல! நான்தான் நட்டன்!”

தோணியிலிருந்து சின்னம்மாவின் குரல் எல்லாருக்கும் முந்தி வந்தது.

“பொய்! புள்ள பொய் சொல்லுது! காச்சல் அதுக்கு, பிதத்துது. ஆராவது தூக்கிக்கொண்டு போங்க!”

“பாத்தீங்களா, புள்ளக்கும் என்னமோ செய்துபோட்டாள்” என்று பெரியம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் திமிறினேன். அப்போது பரியாரியார் தண்ணீரோரம் வந்து கையை உயர்த்தினார்.

“விடுங்க கா புள்ளய. நீ சொல்லு மனே. நீதான் நட்டாய் எண்டா, எப்பிடி நட்டாய்?”

இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும்.

“படுக்க வெச்சன். நட்டமா வெச்சா வராது. ரெண்டு விரல் ஆழம். முளை மேல பாத்திரிக்கோணும். முளை ஒடிஞ்சா வேற முளை வராது, அப்பிடியே செத்துரும். களிமண்ணில வெச்சது அழுகிற்று, மணல் பாத்தியில வெச்சதுதான் வந்திச்சு. எல நுனி சுருண்டு வேலியப் புடிக்கும், அதால கம்பு கிட்ட இரிக்கோணும். அடிக்கி நிழல் வேணும். முதல் பச்சையாப் பூத்துப் பொறகுதான் செவக்கும். தையில கொடி காயும். காஞ்சா அது சாகல்ல, கீழ நித்திர கொள்ளுது. ஒண்டு நட்டா ரெண்டாகும். சின்னம்மா கிண்டி எறியச் சொன்னவ. எறிஞ்சிட்டன் எண்டு நான் பொய் சொன்னன். தோலக் கூடச் சாம்பல் கிடங்கில தாட்டன்.”

பரியாரியார் உயர்த்திய கையை இறக்கினார்.

“இது ஆரும் சொல்லிக் குடுத்து வராது” என்றார் பரியாரியார் மெல்ல. “பக்கத்தில குந்தியிருந்து வளத்த ஆள்தான் இப்பிடிச் சொல்லும்.”

நான் அவரைப் பார்த்துக் கேட்டேன். “என்னத் தூக்கில போடுவாங்களா?”

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். அப்பா அதுவரை கரையில் கிடந்த மரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியில்தான் எழுந்தார். வேட்டி நனைய நனைய என்னிடம் வந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய மொட்டைத் தலை என் கன்னத்தில் வழுவழுவென்று பட்டது. என்னையும் சுமந்துகொண்டு இன்னும் ஆழத்துக்குப் போய் ஒரு கையால் தோணியின் விளிம்பைப் பிடித்தார்.

“இறங்கு” என்றார் சின்னம்மாவிடம். “வீட்ட போவம்.”

சின்னம்மா இறங்கவில்லை. அண்ணனைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். அவருக்கு இறங்கப் பயம்.

“ஏன் சின்னம்மா பொய் எண்டு சொன்னீங்க?” என்றேன்.

“தகப்பனுக்கு நஞ்சு வெச்ச புள்ள எண்ட பேர் ஒனக்கு வந்திரிமெண்டுதான். எனக்கெண்டா போறத்துக்கு ஒரு ஊர் இரிக்கி. நீ எங்க போவாய்?”

அப்பா விளிம்பை விடவே இல்லை. கடைசியில் சின்னம்மாவின் அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிக் கரையில் வைத்தார்.

அன்று மத்தியானம் சின்னம்மா சமைத்தார். அவருடைய அண்ணன் வாங்கி வந்த வாவி இறாலில் மாங்காய் போட்டு ஒரு கறி. குசினியில் நாலு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு வைத்தார். கடப்பால் பெரியம்மா வந்தார். நிலத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு கோப்பை வைத்தார் சின்னம்மா. அகப்பையால் எல்லாருக்கும் கறி ஊற்றினார்.

யாரும் கை வைக்கவில்லை. அப்பாவின் விரல் கோப்பை விளிம்புவரை வந்து நின்றது. அவர் சந்தேகப்பட்டு நிறுத்தவில்லை. உடம்புக்கு அந்த ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். நான் குழைத்து ஒரு பிடி வாயில் போட்டேன். சூட்டில் நாக்கு வெந்தது. துப்பாமல் விழுங்கினேன். அடுத்த பிடியையும் போட்டேன். பிறகு அப்பா சாப்பிட்டார், சின்னம்மாவின் அண்ணன் சாப்பிட்டார். பெரியம்மா மட்டும் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அக்கா,” என்றார் சின்னம்மா. “நான் முதல்ல திண்டு காட்டட்டா?”

பெரியம்மா எழுந்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சின்னம்மாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கினார். தோளைப் பிடித்து அவரைத் தன்னுடைய இடத்தில் இருத்தினார். சேலைத் தலைப்பு நழுவி அந்த வெறும் தலை எல்லார் முன்னாலும் தெரிந்தது. பெரியம்மா அதை மூடவில்லை. பானைக்குள் கிடந்த பெரிய இறால்களாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து, சின்னம்மாவின் முன்னால் இருந்த சோற்றில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார்.